பாலின் தூய்மையே ரப்பரின் விலை

நூல் கெட்டிருந்தால் நெசவாளியின் கைத்திறன் துணியைக் காப்பாற்றாது. தறியில் அமர்ந்தவர் யாவரும் அறிந்த உண்மை இது. ரப்பருக்கும் இதுவே விதி. மரத்தில் பால் வடிந்த சில மணி நேரத்திற்குள் நேரும் கேட்டைப் பின்னர் எந்தத் தொழிற்சாலையாலும் முற்றிலும் நீக்க இயலாது. ஆதலின், ரப்பர் வாங்கும் கூட்டுறவுச் சங்கம் எடையை மட்டும் பாராது, தரத்தையும் அளந்து விலை கொடுத்தல் வேண்டும் என்பது நமது கருத்து. ரப்பரின் இயல்பே இதற்குச் சான்று பகரும்.

ரப்பர் மரத்தின் தாயகம் அமேசான் காடு. 1876இல் அங்கிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்ற விதைகளின் கன்றுகளே இலங்கைக்கும் மலேயாவுக்கும் வந்தன. இன்று கேரளத்திலும், நமது கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், திருவட்டாறு பகுதிகளிலும் சிறு விவசாயிகள் பலரின் வாழ்வு இம்மரத்தை நம்பியுள்ளது.

வைகறையில் மரத்தைக் கீறிச் சிரட்டையில் ஏந்தும் பால் முழுவதும் ரப்பர் அன்று. நூறு பங்கு பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். புரதமும் சர்க்கரையும் பிசினும் சிறிதளவு உண்டு. மரத்திற்கு மரம், பருவத்திற்குப் பருவம் இவ்வளவு மாறும். வெறும் எடைக்குப் பணம் கொடுத்தால் நீருக்கும் பணம் கொடுத்தவராவோம்.

ரப்பரின் அடிப்படை அலகு ஐஸோப்ரீன். ஐந்து கரியணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட இவ்வலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்து நீண்ட சங்கிலியாகின்றன. சிக்குண்ட நூல்போல் சுருண்டு கிடக்கும் இச்சங்கிலிகள் இழுத்தால் நீளும். விட்டால் மீண்டும் சுருளும். எனினும், பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி இக்குறையைத் தீர்த்தார். தனித்தனிப் பாவு இழைகளை ஊடு பிணைத்துத் துணியாக்குவது போல், கந்தகம் சங்கிலிகளை ஆங்காங்கே பிணைத்து உறுதியாக்குகிறது. செயற்கை ரப்பர் பெருகிய இந்நாளிலும், ஓட்டத்தில் குறைவாகச் சூடேறும் இயற்கை ரப்பரையே லாரி, விமானச் சக்கரங்களின் டயர்கள் பெரிதும் நாடுகின்றன.

இத்தகைய பொருளுக்கு நம் வீட்டிலேயே பகைவர் உண்டு. பாலில் நுண்ணுயிர்கள் பெருகினால் அது தானே புளித்துத் திரியும்; ஷீட்டில் குமிழிகள் தோன்றும். சிரட்டையையும் வாளியையும் கழுவாமை இதற்கு முதற் காரணம். செம்பு இன்னும் கொடியது. அதன் சிறு துகளும் பிராணவாயுவின் தாக்குதலை விரைவுபடுத்தி ரப்பரை நலியச் செய்யும். ஆதலின், பித்தளைக் குடத்திலும் செம்புப் பாத்திரத்திலும் பாலை ஊற்றலாகாது. அமிலத்தை அளவறிந்து சேர்த்து, உறைந்த பாலை உருளையில் அழுத்தி, நன்கு கழுவிப் புகையூட்டினால் பூஞ்சணம் அணுகாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில் மாசும் குமிழியும் இன்றித் துலங்கும் ஷீட்டே உயர்ந்த தரம் பெறும்.

இவ்வளவும் செய்பவருக்குக் கிடைப்பதென்ன? தரம் பாராது ஒரே விலை கொடுக்கும் இடத்தில், விடியுமுன் எழுந்து வாளி கழுவியவரும், சருகோடு பாலை உறையவிட்டவரும் சமமாகின்றனர். கவனத்திற்குப் பரிசில்லை, அலட்சியத்திற்குத் தண்டமில்லை. நாளடைவில் கவனமுள்ளவரும் சோர்ந்து போவார். ஊர்ச் சரக்கு முழுவதும் தாழ்ந்த விலைக்கே போகும்.

“நாளொன்றுக்கு நாலைந்து ஷீட் எடுக்கும் நாங்கள் புகைக்கூடத்திற்கு எங்கே போவோம்?” என்று சிறு விவசாயி கேட்பது நியாயமே. தரத்திற்கேற்ப விலை என்று கூறிவிட்டு வசதி செய்து தராவிடில், அது ஏழையைத் தண்டிப்பதாகவே முடியும். இங்கேதான் கூட்டுறவு தேவைப்படுகிறது. தனியொருவரால் இயலாத உருளையும் புகைக்கூடமும் பல குடும்பங்கள் சேர்ந்தால் எளிதாகும். பாலிலுள்ள ரப்பரை உறுப்பினர் கண்ணெதிரே அளந்து, முடிவைச் சீட்டில் எழுதித் தருவதும் சங்கத்தின் கடமை. அளவில் ஐயம் நேர்ந்தால் நம்பிக்கை போகும். நம்பிக்கை போனால் சங்கமும் நிலைக்காது.

முதலில் பொது வசதி, பின்னர் நேர்மையான அளவு, அதன்பின் தரத்திற்கேற்ற விலை. இதுவே சரியான வரிசை என்போம். அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதனை எழுப்புவார்களாக. அதுவரை, நாளைக் காலை வாளியைக் கழுவிவிட்டு மரத்தடிக்குச் செல்வதற்கு எவருடைய தீர்மானமும் தேவையில்லை.