பங்க்கை ஒதுக்கினால் விலை இறங்குமா?
சக வாகன ஓட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள்



"வரும் ஞாயிற்றுக்கிழமை யாரும் பெட்ரோல் போடாதீர்கள். கம்பெனிகளுக்கு ஒரே நாளில் கோடிக்கணக்கில் நஷ்டம். திங்கட்கிழமை விலை தானாக இறங்கும்." விலை ஏறும்போதெல்லாம் இப்படியொரு செய்தி நம் செல்பேசிக்கு வந்துவிடுகிறது. குறிப்பிட்ட ஒரு கம்பெனியின் பங்க் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லும் செய்தியும் உண்டு. ஆட்டோ ஓட்டுகிறவர்கள், காய்கறி வண்டிக்காரர்கள், பைக்கில் வேலைக்குப் போய்வருகிறவர்கள் சேர்ந்த எங்கள் குழுவிலும் பலர் இதை நம்பிப் பகிர்ந்திருக்கிறோம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது போய்ச் சேரும் விலாசம்தான் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை போடாதவர் சனிக்கிழமை ராத்திரியே டேங்கை நிரப்பிவிடுகிறார்; இல்லையென்றால் திங்கட்கிழமை காலையில் வரிசையில் நிற்கிறார். மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு லிட்டர்கூடக் குறைவதில்லை. அமெரிக்காவில் 1999 ஏப்ரல் 30 அன்று இதே மாதிரி ஒருநாள் புறக்கணிப்புக்கு மின்னஞ்சல் வழியே அழைப்பு விட்டார்கள். அதற்காக விலை இறங்கவில்லை. பங்க் காலியாகக் கிடந்தால் முதலில் அடி வாங்குவது கம்பெனிக்குப் பணத்தைக் கட்டி லோடு இறக்கிய டீலர். அவருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன்தான். அடுத்த அடி, வெயிலில் நின்று பெட்ரோல் போடும் பெண்களுக்கும் பையன்களுக்கும்.

ஒரு கம்பெனியை மட்டும் ஒதுக்கலாமே என்றால், நம் ஊர்களில் இருக்கும் பங்க்குகளில் பெரும்பாலானவை இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற மூன்று பொதுத்துறை நிறுவனங்களுடையவை. ஒரு நிறுவனத்தின் கிடங்கில் இன்னொரு நிறுவனத்தின் டேங்கர் நிரப்பிக்கொண்டு போவது இந்தத் தொழிலில் சகஜம். ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போனால், அரசாங்கத்தின் இடது பையில் விழவேண்டிய காசு வலது பையில் விழும். அவ்வளவுதான்.

நாடு முழுவதுமே பெட்ரோல் போடுவதை நிறுத்தினால்? அதையும் நாம் பார்த்தாகிவிட்டது. 2020 ஏப்ரலில் ஊரடங்கு. நாட்டின் எரிபொருள் விற்பனை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கும் கீழே போனது. யார் அழைத்தாலும் அதைவிடப் பெரிய புறக்கணிப்பு நடக்கப்போவதில்லை. நமக்கு விலை இறங்கியதா? மே மாதம் 6ஆம் தேதி மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றியது. பெட்ரோல் மீதான கலால் வரி 32 ரூபாய் 98 காசு ஆனது. கச்சா எண்ணெய் விலை இறங்கிய லாபம் வரியாகப் போனது. ஜூன் 7 முதல் பங்க் விலையும் நாள்தோறும் ஏறத் தொடங்கியது.

அப்படியென்றால் விலை எதற்குத்தான் கட்டுப்படும்? காலண்டரைப் பாருங்கள். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் விலை தினசரி மாறும் என்றார்கள். ஆனால் 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து நான்கரை மாதம் அது அசையவே இல்லை. உக்ரைன் போர் மூண்டு கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியபோதும் அசையவில்லை. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் தேர்தல் நடந்த காலம் அது. 2022 மார்ச் 10இல் முடிவு வந்தது. 22ஆம் தேதி விலை ஏறத் தொடங்கி, இரண்டே வாரத்தில் 10 ரூபாய் ஏறிவிட்டது. நம் தமிழ்நாட்டிலும் 5 ரூபாய் குறைப்போம் என்ற தேர்தல் வாக்குறுதிக்குப் பிறகுதான், 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரியில் 3 ரூபாய் குறைந்தது. நாம் பெட்ரோல் போடாத நாளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நாம் ஓட்டுப் போடும் நாளை எல்லோரும் எடுத்தார்கள்.

புறக்கணிப்பு என்றைக்குமே வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. வடகடலில் கச்சா எண்ணெய் தேக்கிவைத்த 'பிரென்ட் ஸ்பார்' என்ற பழைய மிதவைத் தொட்டியை அட்லாண்டிக்கில் மூழ்கடிக்க 1995இல் ஷெல் முடிவு செய்தது. அதை எதிர்த்து ஜெர்மனியில் வாகன ஓட்டிகள் ஷெல் பங்க்குகளைத் தவிர்த்தார்கள், விற்பனை விழுந்தது, ஜூன் 20 அன்று கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. அங்கே கேட்டது ஒரே ஒரு விஷயம். அதைச் செய்வதும் விடுவதும் அந்தக் கம்பெனியின் கையிலேயே இருந்தது.

மொராக்கோவின் அனுபவம் நமக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. விலைவாசியை எதிர்த்து 2018 ஏப்ரலில் அங்குள்ள மக்கள் ஒரு பால், ஒரு குடிநீர், ஒரு பெட்ரோல் என மூன்று கம்பெனிகளை மாதக்கணக்கில் ஒதுக்கினார்கள். பால் கம்பெனி நஷ்டம் தாங்காமல் அதே ஆண்டு விலையைக் குறைத்தது. எரிபொருள் கதை வேறு. அந்த நாட்டுப் போட்டி ஆணையம் விசாரித்து, ஒன்பது எரிபொருள் கம்பெனிகளிடம் 184 கோடி திர்ஹாம் வசூலிக்கும் உடன்பாட்டுக்கு வர 2023 நவம்பர் ஆனது. அங்கும் பங்க் வாசலில் தொடங்கியது சட்டத்தின் வாசலில்தான் முடிந்தது.

எனவே உங்களிடம் நாங்கள் கேட்பது இவை:

1. ஒருநாள் புறக்கணிப்புச் செய்தியைப் பகிராதீர்கள். அனுப்பியவரிடம் காரணத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

2. பங்க்கில் உங்கள் உரிமையை விடாதீர்கள். மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பில் வாங்குங்கள். சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் தொழிலாளர் துறையின் எடையளவு அதிகாரிகளிடம் புகார் கொடுங்கள்.

3. நம் கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு பில்லிலும் எண்ணெய் விலை எவ்வளவு, மத்திய வரி எவ்வளவு, மாநில வரி எவ்வளவு, டீலர் கமிஷன் எவ்வளவு என்று பிரித்து அச்சிட வேண்டும். கச்சா எண்ணெய் இறங்கும்போது விலை எத்தனை நாளில் எவ்வளவு இறங்கும் என்பதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த மனுவில் இருப்பவை இந்த இரண்டும்தான்.

4. பெட்ரோலையும் டீசலையும் ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரும் பேச்சை 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்தது. அந்தக் கவுன்சிலில் மத்திய அமைச்சரும் இருக்கிறார், மாநில அமைச்சர்களும் இருக்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வரும் எந்தக் கட்சிக்காரரையும் "இதில் உங்கள் கட்சி என்ன சொல்கிறது?" என்று கேட்காமல் அனுப்பாதீர்கள்.

மனுவின் படிவங்கள் ஆட்டோ ஸ்டாண்டுகளில் இருக்கின்றன. நம் தொகுதி எம்.எல்.ஏ., எம்.பி. இருவரிடமும் அவற்றை நேரில் கொடுக்கப்போகிறோம். ஞாயிற்றுக்கிழமை தாராளமாகப் பெட்ரோல் போடுங்கள். போட்டுவிட்டு அப்படியே ஸ்டாண்டுக்கு வந்து ஒரு கையெழுத்தும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு அதே வரிசையில் நிற்கும்
நகர வாகன ஓட்டிகள், நுகர்வோர் குழுவினர்