கூண்டிலிருந்து ஆகாயத்துக்கு

மிருகக்காட்சிசாலை என்றாலே சிறைச்சாலை என்று முகம் சுளிக்கும் நண்பர்களின் ஜீவகாருண்யத்தை நான் மனமார மதிக்கிறேன். ஆயினும் அமெரிக்காவில் சான் டியேகோ, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களின் மிருகக்காட்சிசாலைகள் செய்த மகத்தான காரியத்தை அவர்கள் அறிய வேண்டும். சிறகு விரித்தால் சுமார் 9 அடி அகலம் வரும் கலிபோர்னியா காண்டார் என்னும் பெருங்கழுகு, 1982-ல் உலகத்திலேயே 22 தான் என்னும் அளவுக்கு க்ஷீணித்துவிட, 1987-ல் வனத்தில் எஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் சேர்த்தார்கள். அவற்றைக் கௌரவமாக மடிய விடுவதே மேல் என்று வாதித்தவர்களும் அன்று உண்டு. அந்த வாதம் எனக்குச் சம்மதமில்லை. ஓர் ஈட்டுக்கு ஒரே முட்டை இடும் அப்பறவையிடமிருந்து அம்முட்டையை எடுத்துவிட்டால் இன்னொன்று இடும் என்பதை அறிந்து, எடுத்த முட்டையைப் பொரிக்க வைத்து, குஞ்சு மனிதமுகம் பழகிவிடாதபடி திரைமறைவில் நின்று, தாய்க்கழுகின் தலைபோல் செய்த தோற்பாவையைக் கையில் மாட்டிக்கொண்டு, அதன் அலகால் இரையூட்டி வளர்த்தார்களே, அந்தப் பொறுமையைத் தவம் என்றே சொல்லுவேன். 1992 முதல் அவை மீண்டும் ஆகாயத்துக்குத் திரும்பின. இன்று 500-க்கு மேல் பெருகி, பாதிக்கு மேற்பட்டவை சுதந்திரமாகப் பறக்கின்றன. ஆனால் வேட்டைக்காரர் சுட்டுப்போட்ட பிராணிகளின் மாமிசத்தில் தங்கும் ஈயக்குண்டுச் சிதறல்களை விழுங்கி அவை விஷமேறிச் சாவது ஓயவில்லை; இன்றைக்கும் அவற்றின் மரணத்துக்குப் பிரதான காரணம் அந்த ஈயமே.