கடற்கரையும் குழந்தைகளும்

சர்க்கார் நிலமென்றால் எவருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று கொள்ளும் வழக்கம் நம்மிடையே வெகுகாலமாக வேரூன்றிவிட்டபடியால்தான், ஏரிக்கரையும் ஆற்றுப்படுகையும் கடற்கரையும் குப்பைமேடாகவும் ஆக்கிரமிப்புக்கு இலக்காகவும் ஆகிவருகின்றன. சட்டம் மட்டும் இவ்வழக்கத்தை மாற்றிவிடாது; சிறு பிராயத்திலேயே அந்நிலத்தில் கால்பதிய நடந்து, அங்கே ஒரு பொறுப்பையும் ஏற்றவர்களே பிற்காலத்தில் அதற்காகப் பரிந்து பேசுவார்கள் என்பது என் துணிபு.

சென்னையில் 1988-ஆம் ஆண்டு தோன்றிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இதற்குப் பிரத்தியட்சமான சான்று. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்களில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவுதோறும் தன்னார்வலர்கள் மணலில் நடக்கிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களும் பிள்ளைகளோடு உடன் செல்கிறார்கள். இருபுறமும் துடுப்புக்கால் உந்திய தடம் அலையோரத்திலிருந்து மேலேறித் திரும்பியிருப்பதைக் கண்டதும் நடை நிற்கிறது. குச்சியை மெல்ல இறக்கிப் பார்த்து, மணல் இளகிக்கொடுக்கும் இடத்தில் கைவிட்டுத் தோண்டினால், மேசைப்பந்து பருமனில் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்முட்டைகள் அகப்படும். அவற்றைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். ஏறக்குறைய 45 நாட்களுக்குப்பின் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையை நாடுவது இயல்பு. இயற்கையில் அது கடலின் திசை, நகரத்திலோ தெருவிளக்கின் திசை. ஆகவேதான் முட்டைகளை இடம்மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை அவ்விடத்திலேயே கேட்டறிந்த குழந்தை, கடற்கரைச் சாலையின் விளக்கை அதன்பின் வேறு கண்ணோடுதான் பார்க்கும்.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1991-இல் பணித்ததன் பயனாக, பாடப்புத்தகங்களில் அதற்கு இடம் கிடைத்தது. அது மிகவும் நல்லதே. ஆயினும் வகுப்பறையில் மனனம் செய்த விடை பரீட்சையோடு முடிந்துவிடுகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் மாண்டு ஒதுங்கின; அவ்வாறு நேரும்போது, ஆமைகள் சிக்கிக்கொள்ளும் இழுவலைகளைப் பற்றிக் கேள்வி எழுப்பும் துணிவு, அந்த மணலில் நடந்தவர்களுக்கே முதலில் வரும்.

இரவு நேரம், அலை, இருட்டு என்று பெற்றோர் அஞ்சுவதில் நியாயமுண்டு. ஆதலால் அனுபவமுள்ள பெரியவர்கள் உடன்செல்வதும், கைப்பேசி வெளிச்சத்தை அறவே தவிர்ப்பதும், குஞ்சுகளைத் தொடாதிருப்பதும் கண்டிப்பான நியமங்களாக வேண்டும். உல்லாசப் பயணமாக இது மாறிவிடலாகாது.

கடலோரப் பள்ளித் தலைமையாசிரியர்களையும் வனத்துறையினரையும் வேண்டிக்கொள்கிறேன்: வரும் தை பிறந்ததும் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சில மாணவர்களையேனும் இந்த நடைக்கு அழைத்துச் செல்லுங்கள்; ஆமை வராத ஊராயின், அங்குள்ள ஏரிக்கரையை அவர்கள் பொறுப்பில் விடுங்கள்.