இயந்திரத்தின் அருகே எழும் கோபம்

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு ஒரு நாளில் முடிகிற சிகிச்சையல்ல. வாரத்தில் இரண்டு மூன்று தடவைகள், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணித்தியாலங்கள். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு, வாழைப்பழத்துக்கும் அளவு. 1990களிலிருந்து இந்நோய் வாட்டிவரும் அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் வயலில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிய ஆண்களே பலர் இப்படிப் படுத்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் யார்மீது கொட்டும்? ஊசி ஏற்றும் தாதி மீதும், கூடவந்த மனைவி மீதும்தான். பெரிய வைத்தியரிடம் மட்டும் குரல் தாழ்ந்துவிடும்!

சகோதரிகளே, எல்லாக் கோபமும் குணத்தால் வருவதில்லை. சிகிச்சையின் நடுவே இரத்த அழுத்தமோ இரத்தத்தில் சீனியோ குறைந்தால், அமைதியான மனிதரும் தடுமாறிப் பேசுவார், கையை உதறுவார். வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே தாதியிடம் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றருக்கு மேல் இரத்தம் ஓடும் குழாய் அது. ஊசி கழன்றால் சில நிமிடங்களிலேயே உயிராபத்து.

ஆனால் தினமும் தூஷணம் பேசுவதும் கையோங்குவதும் நோயின் கணக்கில் சேராது. பஸ்ஸில் ஒருவர் சத்தமிட்டால் நாம் இறங்கிவிடலாம். பக்கத்துக் கட்டிலில் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருப்பவர் எங்கே போவார்? முறை தாமதமானால் பொறுப்புத் தாதியிடம் கேளுங்கள். வேலையில் நிற்கும் பிள்ளையிடம் கத்துவதால் இயந்திரம் காலியாகாது.

நோயாளி என்பதற்காக வீட்டில் அடிவாங்கிக்கொண்டிருக்கும் மனைவியரும் உண்டு. வைத்தியசாலையில் யாரிடமாவது அதைச் சொல்லுங்கள். பெண்களுக்கான 1938 என்ற அரச தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.