சிடி ஸ்கேன் அறிக்கையில் டோஸும் அச்சாக வேண்டும்

2021 ஏப்ரல், மே மாதங்களில், கொரோனா இரண்டாம் அலையின்போது, தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு கேள்வி சாதாரணமாகப் புழங்கியது: "ஸ்கோர் எவ்வளவு?" நுரையீரல் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை 25-க்கு இத்தனை என்று சொல்லும் சிடி ஸ்கோர் அது. 8 என்றால் கொஞ்சம் மூச்சு வரும். 18 என்றால் ஆக்சிஜன் படுக்கை தேடி ஓட வேண்டும். அதே ஸ்கேனில் உடம்பு வாங்கிய கதிர் அளவும் எண்ணாகத்தான் இயந்திரத்தில் பதிவாகியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், கையில் வாங்கிய அறிக்கையில் அது பெரும்பாலும் இருந்திருக்காது.

அந்த மே மாதத் தொடக்கத்தில்தான் அன்றைய எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா, ஒரு சிடி ஸ்கேன் 300 முதல் 400 மார்பு எக்ஸ்-ரேக்களுக்குச் சமம் என்று எச்சரித்தார். லேசான தொற்றுள்ளவர்கள் ஸ்கேன் சென்டர் வாசலில் வரிசை கட்ட வேண்டாம் என்பதே அவர் சொல்ல வந்தது. கதிரியல் மருத்துவர்களின் தேசியச் சங்கமான ஐஆர்ஐஏ உடனே மறுத்தது. அது பழைய கணக்கு, நவீன இயந்திரங்களில் 5 முதல் 10 எக்ஸ்-ரே அளவுதான் என்றது.

மக்கள் குழம்பினார்கள். உண்மையில் இரண்டு கணக்குக்கும் ஆதாரம் இருக்கிறது. உடம்பு பெறும் கதிர் அளவை மில்லிசீவர்ட்டில் சொல்வார்கள். ஒரு மார்பு எக்ஸ்-ரேக்கு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். வழக்கமான மார்பு சிடிக்கு 7 மில்லிசீவர்ட் என்பது நெடுங்காலமாகப் புழங்கும் சராசரி. வகுத்தால் 350 வரும். மிகக் குறைந்த டோஸ் அமைப்பில் 0.1, 0.2 மில்லிசீவர்ட்டிலும் மார்பு சிடி எடுக்க முடியும்; வகுத்தால் 5, 10. ஆக, ஒரே பெயருள்ள பரிசோதனையில் நோயாளிக்கு நோயாளி எழுபது மடங்கு வரை வித்தியாசம் இருக்க முடியும். அன்று ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஒருவர் இந்த இரண்டில் எந்தப் பக்கம் இருந்தார் என்பதை அவர் படுத்திருந்த இயந்திரத்தின் பதிவு மட்டுமே சொல்லும்.

மருத்துவ இயற்பியலாளர்கள், ரேடியோகிராபர்கள், கதிரியல் மருத்துவர்கள் சேர்ந்த எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு அங்கிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு சிடி அறிக்கையிலும் அந்த நோயாளிக்குக் கொடுத்த கதிர் அளவு அச்சாக வேண்டும். எந்தக் கேள்விக்கு விடை தேடி ஸ்கேன் எடுக்கப்படுகிறதோ, அந்த விடைக்குப் போதுமான தெளிவோடு படம் இருக்க வேண்டும். அதற்கு மேல் தெளிவைக் கூட்டுவதற்காகக் கதிரைச் செலவழிக்கக் கூடாது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சங்கம் அழுத்திச் சொல்கிறது. டோஸுக்குப் பயந்து, தேவையான ஸ்கேனை யாரும் தள்ளிப்போடக் கூடாது. விபத்தில் தலையில் அடிபட்டு வாந்தி எடுக்கும் ஒருவருக்குச் சிடி உயிர் காக்கும் பரிசோதனை. அங்கே டோஸைப் பேசிக்கொண்டு நேரத்தை வீணாக்குவது கொடுமை.

படத்தின் தெளிவும் கதிரும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கதிரைப் பாதியாகக் குறைத்தால் படத்தில் புள்ளிப்புள்ளியாகத் தெரியும் இரைச்சல் சுமார் 40 சதவீதம் கூடும். அந்த இரைச்சல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. சிறுநீரகக் கல் சுற்றியுள்ள தசையைவிடப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்; படம் கரடுமுரடாக இருந்தாலும் கல் கல்லாகவே தெரியும். அதனால் கல் தேடும் சிடியை 3 மில்லிசீவர்ட்டுக்குள் முடிக்கலாம். காற்று நிறைந்த நுரையீரலும் அப்படித்தான். கல்லீரலில் பரவியிருக்கும் சிறு கட்டி வேறு கதை. அதற்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் சாம்பல் நிறத்தில் இம்மியளவுதான் வேறுபாடு. அங்கே கதிரைக் கண்மூடிக் குறைத்தால் கட்டி இரைச்சலுக்குள் மறைந்துபோகும், திரும்ப எடுக்க நேரும், முதலில் கொடுத்த கதிர் முழுவதும் வீண். டோஸ் கூடினாலும் தவறு, விடை கிடைக்காத அளவுக்குக் குறைந்தாலும் தவறு.

நல்ல படம் என்பதே எச்சரிக்கையை மழுங்கடிக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று சாட்சி. லாஸ் ஏஞ்சலிஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் பக்கவாதச் சந்தேகத்துக்கு எடுக்கும் மூளை ரத்த ஓட்ட சிடியின் அமைப்பு மாற்றப்பட்டதில், அதிகபட்சம் 0.5 கிரே வாங்க வேண்டிய நோயாளிகள் 3 முதல் 4 கிரே வரை வாங்கினார்கள். இது 18 மாதங்கள் நீடித்தது. 200-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2009-இல் ஒரு நோயாளியின் தலைமுடி கொட்டிய பிறகே விஷயம் வெளியே வந்தது. கதிர் கூடினால் படம் கெட்டுவிடாது, இன்னும் வழுவழுப்பாகத்தான் வரும். படத்தை மட்டும் பார்ப்பவருக்குச் சந்தேகம் எழக் காரணமே இல்லை. இதையடுத்து கலிபோர்னியா 2010-இல் சட்டம் இயற்றியது. 2012 ஜூலை முதல் அங்கே சிடி அறிக்கையில் டோஸைக் குறிப்பிடுவது கட்டாயம்.

சாதாரண டிஜிட்டல் எக்ஸ்-ரேயிலும் இதே சிக்கல் உண்டு. பிலிம் காலத்தில் கதிர் கூடிப்போனால் படம் கறுத்துவிடும். டெக்னீஷியன் கையோடு பிடிபடுவார். இப்போது கணினி அதைச் சரிசெய்து அழகான படமாகக் கொடுத்துவிடுகிறது. நாளடைவில் அளவு மெல்ல மெல்ல ஏறுகிறது, யார் கண்ணுக்கும் தெரியாமல்.

டோஸைக் குறைக்க விலை உயர்ந்த புது இயந்திரம்தான் வேண்டும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. சங்கம் இதை ஏற்கவில்லை. கன்சோல் அறையில் நிற்பவர்களுக்குத் தெரியும், பாதி வேலை நோயாளியைப் படுக்க வைப்பதில் முடிந்துவிடுகிறது. மேசையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் மாற்றி விட்டுவிட்டால் உடம்பு வளையத்தின் நடுவிலிருந்து விலகிவிடும். எக்ஸ்-ரே குழாயின் பக்கம் நெருங்கினால், முதலில் எடுக்கும் ஸ்கவுட் படத்தில் நோயாளி உள்ளதைவிடப் பருமனாகத் தெரிவார். இயந்திரமும் அந்தப் பருமனை நம்பி மின்னோட்டத்தைத் தானாகக் கூட்டிவிடும். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைக்காமல் பக்கவாட்டில் விட்டாலும் அப்படியே. மூச்சை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒருமுறை சொல்லிப் பழக்காததால் திரும்ப எடுக்கும் ஸ்கேன்கள் இன்னொரு கணக்கு. மார்புக்கு எழுதிக் கொடுத்ததைச் சிறுநீரகம் வரை நீட்டி எடுப்பதும், ஒரு கட்டம் போதும் என்ற இடத்தில் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன், பின், தாமதித்து என மூன்று முறை எடுப்பதும் டோஸை அப்படியே பெருக்குகின்றன. இவற்றைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை; பயிற்சியும், ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஒதுக்கும் நிர்வாகமும் தேவை.

புதிய தொழில்நுட்பத்தைச் சங்கம் வரவேற்கவே செய்கிறது. குறைந்த கதிரில் வரும் தரவிலிருந்து திரும்பத் திரும்பக் கணக்கிட்டுப் படத்தை மீட்கும் மென்பொருள்கள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2019 முதல் செயற்கை நுண்ணறிவு வழி மீட்பும் சந்தையில் இருக்கிறது. ஒவ்வொரு போட்டானையும் தனித்தனியே எண்ணும் முதல் சிடி இயந்திரத்துக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2021-இல் அனுமதி கொடுத்தது. ஆனால் மென்பொருள் இரைச்சலைத் துடைக்கும்போது, மங்கலான சிறு கட்டியின் விளிம்பையும் சேர்த்துத் துடைத்துவிடலாம். படம் பார்க்கச் சுத்தமாக இருப்பதும் கட்டி கண்ணில் படுவதும் ஒன்றல்ல. இத்தனை சதவீதம் டோஸ் குறைப்பு என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லும் எண்ணை, தன் மையத்தில் உள்ள ஃபாண்டம் என்ற சோதனை மாதிரியில் வைத்துச் சோதித்த பிறகே ஏற்க வேண்டும் என்பது சங்கத்தின் உறுதியான கருத்து.

குழந்தைகள் விஷயத்தில் சங்கம் சமரசத்துக்குத் தயாரில்லை. ஒரே இயந்திர அளவீடு பெரியவரின் தலைக்கும் பிறந்த குழந்தையின் தலைக்கும் பதிவானால், குழந்தை பெறும் விளைவுறு டோஸ் ஏறத்தாழ ஐந்து மடங்கு. 2012-இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வு, 10 வயதுக்குள் தலை சிடி எடுத்த 10,000 குழந்தைகளில் அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றும் ஒரு மூளைக் கட்டியும் வரக்கூடும் என்று கணக்கிட்டது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 9.5 லட்சம் பேரைத் தொடர்ந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. ரத்தம் சார்ந்த புற்றுகள் பற்றி அது சொன்னதும் இதே திசையில்தான். தனியொரு குழந்தைக்கு இது மிகச் சிறிய ஆபத்து. ஸ்கேன் தேவைப்படும் குழந்தையின் பெற்றோர் பதற வேண்டாம். ஆனால் எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அமைப்பு கன்சோலில் இருந்தும், அவசரத்தில் பெரியவர் அமைப்பிலேயே குழந்தையைப் படமெடுப்பதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ விடை தருமென்றால் முதலில் அதைத்தான் எழுத வேண்டும்.

ஒரே நோயாளிக்கு ஒரே ஸ்கேனை இரண்டாவது முறை எடுப்பது மற்றொரு வேதனை. ஊரில் எடுத்த பிலிமை உறையில் போட்டுக்கொண்டு நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு வருகிறார்கள். பிலிமில் அச்சிட்டிருப்பது தேர்ந்தெடுத்த சில படங்கள்தான். அதை வைத்து முடிவெடுக்க முடியாமல் மறுபடியும் சிடி எழுதப்படுகிறது. முழுப் படத்தொகுப்பையும் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ இணைப்பாகவோ கேட்காமலே கொடுப்பது ஸ்கேன் மையத்தின் கடமை.

இனி, அச்சிட வேண்டிய எண்ணைப் பற்றி. இந்தியாவில் சிடி அறையில் வேலை செய்யும் ஊழியர் சட்டையில், தான் வாங்கும் கதிரைப் பதிவுசெய்யும் டிஎல்டி பேட்ஜ் குத்தியிருக்கிறார். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவிடப்படுகிறது. அவருக்கு ஆண்டு உச்சவரம்பும் உண்டு. ஈயச் சுவருக்கு அந்தப் பக்கம் நேரடியாகக் கதிரை வாங்கும் நோயாளிக்கு உச்சவரம்பு கிடையாது. அது சரிதான், சிகிச்சைத் தேவைக்கு வரம்பு கட்ட முடியாது. ஆனால் கணக்கையும் அவருக்குக் காட்டாமல் இருப்பது சரியல்ல. அந்தக் கணக்கை இயந்திரமே போட்டு, ஸ்கேன் முடிந்ததும் ஒரு பக்கமாகத் தருகிறது.

அந்த எண்கள் திரண்டால் என்ன நடக்கும் என்பதை பிரிட்டன் காட்டியிருக்கிறது. அங்கே மருத்துவமனைகளின் எக்ஸ்-ரே டோஸ்களைத் திரட்டி, பரிசோதனைவாரியாக ஒப்பீட்டு அளவுகளை வெளியிட்டார்கள். அவற்றைத் தாண்டிய மையங்கள் தங்கள் முறையைத் திருத்திக்கொண்டன. 2005-ஆம் ஆண்டு மதிப்பாய்வில் அந்த அளவுகள் 1980-களின் நடுப்பகுதியில் இருந்ததில் ஏறத்தாழ பாதியாகியிருந்தன. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் சிடி அறிக்கையில் டோஸ் அச்சிடுவதை இங்கும் கட்டாயமாக்க வேண்டும், மாநில அரசு தன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் தொடங்க வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது.

விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உறுப்பினர்கள் தாங்கள் வேலை செய்யும் மையங்களின் அறிக்கைப் படிவத்தில் 'டெக்னிக்' பகுதிக்குக் கீழே இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும்: சிடிடிஐ வால்யூம் (ஸ்கேன் செய்த பகுதியில் இயந்திரம் கொடுத்த சராசரிக் கதிர் அளவு) இத்தனை மில்லிகிரே, டிஎல்பி (அதை ஸ்கேன் நீளத்தால் பெருக்கிய மொத்தம்) இத்தனை மில்லிகிரே-சென்டிமீட்டர். மார்பு சிடி என்றால் டிஎல்பியை 0.014-ஆல் பெருக்கினால் மில்லிசீவர்ட் கிடைக்கும். 500 என்றிருந்தால் 7, 100 என்றிருந்தால் 1.4. நோயாளி கேட்டால் இந்தப் பெருக்கலை அவர் எதிரிலேயே போட்டுக் காட்டி, இயற்கையிலிருந்து நமக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் உலக சராசரியான 2.4 மில்லிசீவர்ட்டோடு ஒப்பிட்டு விளக்குவது ரேடியோகிராபரின் வேலையில் சேர்ந்தது என்று சங்கம் கருதுகிறது.