வயிறு நிறைஞ்ச பிறகும் கை ஏன் மிக்சர் டப்பாவைத் தேடுது?

இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. டி.வி முன்னால் உட்கார்ந்ததும் கை தானாக மிக்சர் டப்பாவைத் தேடும். 'நாக்கைக் கட்டத் தெரியலையா?' என்று வீட்டில் ஒரு குரல் எழும். ஆனால், பழியை நாக்கின் மேல் மட்டும் போட முடியாது.

வயிறு காலியானதும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் சுரக்கும். 1999-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த இது, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் பசியைத் தூண்டும். சாப்பிடச் சாப்பிட வயிறு விரியும். அந்தத் தகவலை வேகஸ் நரம்பு மூளைக்குக் கொண்டுபோகும். குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 போன்ற ஹார்மோன்களும் சேர்ந்து, 'போதும்' என்று சொல்லும். எடைக் குறைப்புக்காக இப்போது அதிகம் பேசப்படும் செமாக்ளூடைட் ஊசி, இந்த ஜி.எல்.பி-1 போலச் செயல்பட்டுத்தான் பசியைக் குறைக்கிறது.

இந்த 'போதும்' முழுதாக மூளைக்கு எட்டக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தால், தகவல் வருவதற்குள் தேவைக்கு மேல் சாப்பிட்டிருப்போம்.

ஞாபகத்துக்கும் பங்கு உண்டு

அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் குழு 1998-ல் வெளியிட்ட ஆய்வு இது. சற்றுமுன் நடந்ததைக்கூட நினைவில் வைக்க முடியாத, மூளை பாதிப்புள்ள இருவருக்கு மதிய உணவு தரப்பட்டது. முடித்து 10 முதல் 30 நிமிடங்களுக்குள் இன்னொரு மதிய உணவை வைத்தபோது, அதையும் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்திருந்தும், சாப்பிட்ட ஞாபகம் இல்லை.

நமக்கு ஞாபக மறதி நோய் இல்லைதான். ஆனால், செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு சாப்பிட்டோம் என்பது மனதில் சரியாகப் பதியாது. கார்ட்டூன் காட்டி ஊட்டும் குழந்தைக்கும் இதேதான். 'போதும்மா' என்று அது வாயை மூடினால், அந்தச் சிக்னல் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். 'இன்னும் ஒரே ஒரு வாய்' என்று தினமும் திணித்தால், தன் வயிறு சொல்வதைக் கேட்கும் பழக்கமே குழந்தைக்குக் குறைந்துபோகும்.

தூக்கம் குறைந்தால்..?

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் 12 இளைஞர்களிடம் சோதித்தார்கள். இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருந்தபோது, 10 மணி நேரம் படுத்திருந்த நாள்களைவிட கிரெலின் 28% அதிகமாக இருந்தது. பசியை அடக்கும் லெப்டின் 18% குறைந்திருந்தது. நள்ளிரவில் படுத்து, ஐந்து மணிக்கே எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும் அம்மாவுக்கு எந்நேரமும் ஏதாவது கொறிக்கத் தோன்றினால், அதைப் பேராசை என்று கிண்டல் செய்யாதீர்கள். அவருக்கு முதலில் தேவை தூக்கம்.

இன்றிரவு ஒரு வேளை மட்டும் முயன்று பாருங்கள். டி.வி-யை அணைத்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, மெதுவாக மென்று சாப்பிடுங்கள். இரண்டாவது முறை பரிமாறும் முன் பத்து நிமிடங்கள் பேசிக்கொண்டிருங்கள். அதன் பிறகும் பசித்தால், தயங்காமல் சாப்பிடுங்கள். காரணமே தெரியாமல் பசியோ எடையோ திடீரென மாறினால் மட்டும், டாக்டரைப் பார்க்கத் தாமதிக்க வேண்டாம்.