மத்தியானக் கச்சேரி

மார்கழி மாதம் பிறந்துவிட்டால் சென்னைப் பட்டணத்துக்கு ஒரு புது ஜன்மம் உண்டாகிவிடுகிறது. மற்ற மாதங்களிலெல்லாம் வெயிலைப் பற்றியும் வீட்டு வாடகையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தவர்கள், இந்த ஒரு மாதத்தில் ராகத்தையும் பல்லவியையும் பற்றியே பேசுகிறார்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தடுக்கி விழுந்தால் ஒரு சபா வாசலில்தான் விழவேண்டும். 2017-ம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் சங்கீதத்துக்குப் பேர்போன நகரங்களின் வரிசையில் சென்னையையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. ஆனாலும் சொன்னவரையில் சந்தோஷமே.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் நம்முடைய சிநேகிதர் ஒருவர் உபாத்தியாயராக இருக்கிறார். அவருடைய பெண்ணுக்குப் பதினாலு வயது. நாலு வருஷமாகப் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். ஆனால் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து முழுக் கச்சேரி கேட்டதில்லை. "ஏன் ஐயா, ஒரு தடவை பட்டணத்துக்கு அழைத்துப் போகக் கூடாதா?" என்று கேட்டோம். "அதெல்லாம் பணக்காரர்கள் சமாசாரம். நம்மைப் போன்றவர்களுக்குக் கைப்பேசியில் கேட்கும் பாட்டே போதும்" என்றார் சிநேகிதர். அவர் அப்படிச் சொன்னபோது பக்கத்தில் நின்ற பெண்ணின் முகத்தை நாம் பார்த்தோம். அவர் பார்க்கவில்லை.

"ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் இரண்டாயிரம் ரூபாய். மூன்று பேருக்கும் இவ்வளவு போதும். குறைந்தால் நாம் தருகிறோம்" என்று பந்தயம் கட்டினோம். அந்தப் பந்தயத்தின் கதைதான் இந்த வாரத்துக் கட்டுரை.

ரயிலில் இரண்டாம் வகுப்பு டிக்கெட் ஆள் ஒன்றுக்கு நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. தங்குவதற்குக் குரோம்பேட்டையில் சிநேகிதருடைய சகோதரி வீடு இருந்தது. பட்டணத்துக்குள்ளே விடுதி தேடுவதைக் காட்டிலும் மின்சார ரயில் ஓடும் பாதையில் புறநகர்ப் பக்கம் தங்குவதுதான் எப்போதும் சிக்கனம். இந்த மின்சார ரயில் 1931-ம் வருஷத்திலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிற்று. ஐந்து ரூபாயிலிருந்து டிக்கெட் உண்டு. மாம்பலத்தில் இறங்கினால் தியாகராய நகர்ச் சபாக்களுக்கு நடந்தே போய்விடலாம். பார்க் ஸ்டேஷனில் இறங்கி எதிரே உள்ள பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால், திருமயிலை ஸ்டேஷன் கபாலீசுவரர் கோயிலுக்குச் சமீபத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். சனிக்கிழமை காலையில் அந்த ஸ்டேஷனில்தான் நாம் அவர்களோடு சேர்ந்துகொண்டோம்.

விடிந்தும் விடியாத நேரம். மாட வீதிகளில் கோலங்களின் ஈரம் காயவில்லை. ஒரு பஜனைக் கோஷ்டி பாடிக்கொண்டே வந்தது. இந்த வீதிகளில்தான் பாபநாசம் சிவன் அவர்கள் பல வருஷ காலம் மார்கழி பஜனை நடத்தி வந்தார்கள் என்று பெண்ணிடம் சொன்னோம். அவர் இயற்றிய கீர்த்தனங்கள் சிலவற்றை அவள் பாடம் செய்திருந்தாள். ஆனால் அவர் நடந்த தெருவில் தானும் நடப்போம் என்று எண்ணியதில்லை. அன்றைய முதல் சங்கீதத்துக்குச் செலவு ஒன்றுமில்லை.

பிறகு மியூஸிக் அகாடமி. விழா நாட்களில் காலை எட்டு மணி சுமாருக்கு அங்கே வித்வான்களும் ஆராய்ச்சியாளர்களும் விளக்கத்தோடு பாடியும் வாசித்தும் காட்டுகிறார்கள். அதற்கு டிக்கெட் கிடையாது. ஒரு ராகத்தின் லட்சணம் என்ன, ஒரு பழைய பாடாந்தரம் எப்படி மாறி வந்தது என்பதையெல்லாம் பெரியவர்கள் வாதாடுவதை ஒரு மாணவி அருகிலிருந்து கேட்பது பெரிய பாக்கியம். பெண் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். சிநேகிதரும் ஜாக்கிரதையாக எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தால் அது செலவுக் கணக்கு!

நிற்க. இந்தச் சபை எவ்வாறு பிறந்தது என்பதை இங்கே ஞாபகப்படுத்துவது அவசியம். 1927-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை டாக்டர் அன்ஸாரியின் தலைமையில் கூடிற்று. பூரண சுதந்திரமே தேசத்தின் லட்சியம் என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. அந்த மகாசபையை ஒட்டியே ஒரு சங்கீத மகாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மியூஸிக் அகாடமி தோன்றியது. அதாவது, இன்று நாம் காணும் டிசம்பர் விழாவின் வேர் சுதந்திரப் போராட்டத்தின் பந்தலில் ஊன்றியிருக்கிறது. சபாக்கள் ஏற்படுவதற்கு முந்திய காலத்தில் பெரிய வித்வானின் பாட்டைக் கேட்பதற்கு ராஜாவின் தர்பாரிலோ, ஜமீன்தார் வீட்டுக் கல்யாணத்திலோ இடம் கிடைக்கவேண்டும். இல்லாவிட்டால் கோயில் உற்சவத்துக்குக் காத்திருக்கவேண்டும். சபாக்கள் வந்த பிறகு, டிக்கெட் வாங்கியவர் யாராயிருந்தாலும் உட்காரலாம் என்று ஏற்பட்டது. இது சிறிய புரட்சியல்ல. ஆனால் கதவைத் திறந்த அதே டிக்கெட், விலை ஏற ஏறக் கதவை மூடவும் செய்யும் அல்லவா? பிரபல வித்வான்களின் மாலைக் கச்சேரிக்கு முன் வரிசை டிக்கெட் வாங்குவதற்கு ஓர் உபாத்தியாயர் பல தடவை யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

அந்த மூடிய கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு திறந்தே இருக்கிறது என்பதைத்தான் நாம் சிநேகிதருக்குக் காட்ட விரும்பினோம். பெரும்பாலான சபாக்களில் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடக்கும் கச்சேரிகளுக்குக் கட்டணமே இல்லை. பாடுகிறவர்கள் இளைஞர்கள். இன்று மாலையில் மண்டபத்தை நிரப்பும் வித்வான்களில் அநேகர் ஒரு காலத்தில் அந்த மத்தியான வேளையில் பாடியவர்களே.

கொண்டுவந்திருந்த புளியோதரையை ஒரு மரத்தடியில் முடித்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக் கச்சேரிக்கு ஒரு சபாவுக்குப் போனோம். வாசலில் யாரும் தடுக்கவில்லை. பெண் தயங்கித் தயங்கிக் கடைசி வரிசையை நோக்கி நடந்தாள். "முதல் வரிசைக்குப் போ, அம்மா" என்றோம். "அங்கே உட்காரலாமா?" என்று கேட்டாள். மாலையில் பெரிய மனிதர்கள் அமரும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

மண்டபத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணினோம். முப்பத்திரண்டு பேர். அவர்களில் நாலைந்து பேர் பாடகியின் உறவினர் என்பது முகஜாடையிலேயே தெரிந்தது. இரண்டு பேர் குளிர்சாதன வசதியை உத்தேசித்து வந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாடகிக்கு இருபது வயது இருக்கலாம். காலியான நாற்காலிகளை ஒரு முறை பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கரகரப்பிரியாவை எடுத்தாள். ஆலாபனை வளர வளர அந்தக் குரலில் இருந்த பயம் போயிற்று. நடுவில் கண்ணைத் திறந்தவள் எதிரே நம் சிநேகிதரின் பெண் மெய்ம்மறந்து தாளம் போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டாள். அதற்குப் பிறகு அவள் பாடியதெல்லாம் அந்த ஒரு சிறுமிக்காகப் பாடியது போலவே நமக்குத் தோன்றிற்று. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச் சாலையை நினைத்து ஏழெட்டுப் பேர் எழுந்து போனார்கள். மிருதங்கம் வாசித்த பையன் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே வாசித்தான், நன்றாகவே வாசித்தான்.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் திலகர் கட்டம் என்று ஓரிடம் உண்டு. சுதேசி இயக்க காலத்தில் பாரதியார் முதலியவர்கள் கூட்டங்களில் பேசிய மணல் அது. அங்கே அமர்ந்து சுண்டல் சாப்பிட்டோம். மறுநாள் காலையில் பாரதியார் தம் கடைசி நாட்களைக் கழித்த திருவல்லிக்கேணி வீட்டையும், பிறகு எழும்பூர் மியூஸியத்தையும் பார்த்தோம். 1851-ம் வருஷத்தில் ஏற்பட்ட அந்த மியூஸியத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். அவரைத் தரிசிப்பதற்குச் சிறு கட்டணந்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை, சனி, ஞாயிறுகளில் வருகிறவர்களுக்குக் கவலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரே ஒரு கச்சேரிக்கு மாடியில் கடைசி வரிசை டிக்கெட் மூன்று வாங்கினார் சிநேகிதர். சிற்றுண்டிச் சாலையில் ரவா தோசையும் காபியும் ஒரு தடவை. இரவு ரயிலில் ஏறும்போது நோட்டைப் பிரித்துக் கூட்டினார். முந்நூறு ரூபாய்ச் சொச்சம் மிச்சம். பந்தயத்தில் நாம் ஜயித்தோம்.

"எந்தக் கச்சேரி பிடித்தது?" என்று பெண்ணைக் கேட்டோம். பிரபல வித்வானின் பெயரைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார் தகப்பனார். "மத்தியானம் பாடினார்களே, அந்த அக்கா" என்றாள். சிறிது நேரம் கழித்து, "அடுத்த வருஷம் அவர்கள் பாடும்போது இன்னும் நிறையப் பேர் வருவார்கள், இல்லையா, மாமா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு நாம் மட்டும் பதில் சொல்ல முடியாது. கையில் பணம் குறைவாக இருக்கிறதே என்று வீட்டில் தங்கிவிடும் குடும்பங்கள்தான் பதில் சொல்லவேண்டும். டிக்கெட் வாங்க முடியாதவர் விழாவுக்கு வேண்டாத விருந்தாளி அல்ல. காலியான மத்தியான மண்டபம் அவருக்காகவே காத்திருக்கிறது. நாளைய வித்வான்கள் அவரை எதிர்நோக்கியே பாடுகிறார்கள். அடுத்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். முதல் வரிசையில் உட்காருங்கள். தனி ஆவர்த்தனத்தின்போது மட்டும் தயவு செய்து எழுந்து போகாதீர்கள். ரவா தோசை எங்கும் ஓடிப்போய்விடாது.